தனியாகத் தொழில் நடத்தும் வக்கீலுக்கு எந்தச் சட்டத் தேடல் தளம் கட்டுப்படியாகும்?

தனிஅலுவலகம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சீனியர் அலுவலகத்தை விட்டுத் தனியாக வந்து எட்டு மாதம் ஆகிறது. அங்கே இருந்த ஆறு வருடமும், தீர்ப்புத் தேடுவதற்குக் காசு ஆகும் என்ற நினைப்பே எனக்கு வந்ததில்லை. அலுவலகத்துக்குப் பெரிய சந்தா இருந்தது. கணினி முன்னால் உட்கார்ந்தால் வேண்டியது வந்தது. இப்போது வாடகை, தட்டச்சு, நகல் செலவு எல்லாம் போனபின் சந்தாவுக்கு என்று ஒதுக்க என்னிடம் இருப்பது கொஞ்சம்தான்.

என் கையில் பெரும்பாலும் காசோலை வழக்குகள், ஜீவனாம்சம், பாகப்பிரிவினை. எப்போதாவது ஒரு தொழிலாளர் வழக்கு வரும். இவ்வளவு நாளும் இலவசத் தளங்களை வைத்தே ஓட்டினேன். போன மாதம் ஓர் இறுதி வாதத்தில் நான் கொடுத்த தீர்ப்பைப் பார்த்ததும் எதிர்த்தரப்பு சீனியர் எழுந்தார். "இதைப் பெரிய பெஞ்ச் (கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வு) மாற்றிவிட்டதே" என்று சொல்லி, பிந்தைய தீர்ப்பின் நகலை நீதிபதியிடம் கொடுத்தார். நீதிபதி கடிந்துகொள்ளவில்லை. "நீங்களும் படித்துவிட்டு அடுத்த வாய்தாவில் சொல்லுங்கள்" என்றார், அவ்வளவுதான். ஆனால் பின் வரிசையில் என் கட்சிக்காரர் உட்கார்ந்திருந்தார். சட்டம் புரியாவிட்டாலும் என் முகத்தைப் பார்த்திருப்பார்.

அன்று இரவு அதே பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். அது மாற்றப்பட்ட தீர்ப்பு என்று ஓரிடத்திலும் இல்லை.

இப்போது மூன்று நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதிகள் மாறி மாறிக் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொருவரும் தங்களிடம்தான் அதிகத் தீர்ப்புகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். முழுத் தொகுப்பையும் வாங்கினால் ஒரு ஜூனியரை வைத்துக்கொள்ளும் யோசனையையே நான் கைவிட வேண்டியதுதான். தனி ஆளுக்கு உண்மையில் எது தேவை, எதற்குக் காசு கொடுக்கவே வேண்டாம், வாங்கும் முன் எப்படிச் சோதித்துப் பார்ப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மேல்முறையீடு எழுதியது:

மேடம், நீங்கள் எந்த நாட்டு நீதிமன்றத்தில் என்று எழுதவில்லை. இங்கே பல நாடுகளிலிருந்தும் படிக்கிறார்கள், அதனால் எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரியே சொல்கிறேன். இருபத்தேழு வருடமாகத் தொழிலில் இருக்கிறேன், அதில் முதல் ஒன்பது வருடம் சொந்தச் சந்தா எதுவும் இல்லாமல். உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்தது, மேல்முறையீட்டு நீதிமன்றத்தில், இரண்டு நீதிபதிகள் முன்னால். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தீர்ப்பின் வாசகத்துக்காக மட்டும் காசு கொடுக்காதீர்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோடக் வழக்கில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. நீதிபதி எழுதிய மூலத் தீர்ப்பில் பதிப்பாளருக்கு உரிமை கிடையாது. பதிப்பாசிரியர் தன் சட்ட அறிவைச் செலுத்திச் சேர்த்தவற்றுக்கு, உதாரணமாகப் பத்தி பிரித்து எண் இட்டதற்கு, எந்த நீதிபதி உடன்பட்டார் யார் மாறுபட்டார் என்று குறித்ததற்கு, உரிமை உண்டு. அது பதிப்புரிமை வழக்குதான். ஆனால் சந்தா வாங்கப் போகிறவர் அந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டே விலைப்பட்டியலைப் படிக்க வேண்டும். நாம் காசு கொடுப்பது ஆசிரியர் குழுவின் உழைப்புக்கு. ஹெட்நோட் எனப்படும் தீர்ப்பின் தலைப்பில் வரும் சுருக்கம், திருத்தங்களோடு சேர்த்துத் தொகுத்த சட்டம், பொருள்வாரி அட்டவணை, எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தீர்ப்பு இன்றைக்கும் நிற்கிறதா என்று சொல்லும் குறி. இதில் எதுவும் இல்லாமல் "எங்களிடம் இவ்வளவு லட்சம் தீர்ப்புகள்" என்று மட்டும் சொல்லும் நிறுவனத்தை உடனே ஒதுக்கிவிடலாம்.

உங்கள் விபத்து நடந்த இடமும் அதுதான். பெரும்பாலான இலவசத் தளங்கள் ஒரு தீர்ப்பைப் பின்னால் யார் யார் எடுத்தாண்டார்கள் என்று பட்டியல் தருகின்றன. இந்தியன் கானூன் தருகிறது, கூகுள் ஸ்காலர் தருகிறது, கனடாவின் கேன்லீயும் தருகிறது. ஆனால் எடுத்தாண்ட நீதிமன்றம் அதைப் பின்பற்றியதா, வேறுபடுத்திக் காட்டியதா, தூக்கி எறிந்ததா என்பதை அந்தப் பட்டியலை மட்டும் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. உங்களைக் கவிழ்த்த அந்தப் பெரிய பெஞ்ச் தீர்ப்பும் அதே பட்டியலில் இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மற்றவற்றோடு ஒன்றாக, எந்த அடையாளமும் இல்லாமல்.

காசு இல்லாத காலத்தில் நான் செய்தது இது. தாக்கல் செய்யப்போகும் தீர்ப்புகளுக்கு மட்டும், தேடிப் பார்த்த எல்லாவற்றுக்கும் அல்ல, பட்டியலைப் புதியதிலிருந்து பழையதாக வரிசைப்படுத்துவேன். அதே நீதிமன்றமோ மேல் நீதிமன்றமோ கொடுத்தவற்றை மட்டும் திறப்பேன். ஒவ்வொன்றிலும் என் தீர்ப்பின் கட்சிக்காரர் பெயரைப் பக்கத்துக்குள் தேடி, அது வரும் பத்தியையும் அதற்கு முன்பின் இரண்டு பத்திகளையும் படிப்பேன். 'ஓவர்ரூல்டு' (மாற்றப்பட்டது), 'பெர் இன்கியூரியம்' (உரிய சட்டத்தையோ தீர்ப்பையோ கவனிக்காமல் சொன்னது), 'டிஸ்டிங்விஷ்டு' (இந்த வழக்கு வேறு என்று பிரித்துக் காட்டப்பட்டது) என்ற சொற்களையும் தேடுவேன். ஆனால் இந்தச் சொற்களை மட்டும் நம்பக் கூடாது. "அந்தக் கருத்தோடு எங்களால் உடன்பட இயலவில்லை" என்று சாதாரண வாக்கியத்தில் மாற்றிவிட்டுப் போன நீதிபதிகளும் உண்டு. ஒரு தீர்ப்புக்கு அரை மணி நேரம் பிடிக்கும். ஒரு வழக்கில் மூன்று தீர்ப்புக் கொடுத்தால் ஒன்றரை மணி. மாதத்தில் இப்படி எத்தனை மணி நேரம் உங்களுக்குப் போகிறது என்று தெரிந்தால்தான் சந்தா லாபமா நஷ்டமா என்று கணக்குப் போட முடியும்.

அதற்கு ஒரு நோட்டுப் போடுங்கள். ஒரு மாதம் போதும். என்ன கேள்வி, எங்கே கிடைத்தது, எத்தனை நிமிடம், கடைசியில் அது மனுவிலோ வாதுரையிலோ வந்ததா என்று எழுதுங்கள். நான் போட்டுப் பார்த்தபோது பாதிக்கு மேல் தேடல்கள் தீர்ப்புக்காகவே இல்லை, ஒரு பிரிவின் சரியான வாசகத்துக்காக. அது அரசின் சட்டத் தளத்திலேயே கிடைக்கும். அங்கேயும் ஒரு எச்சரிக்கை உண்டு. நமக்கு வேண்டியது சம்பவ நாளில் இருந்த வாசகம், இன்றைக்கு இருப்பது அல்ல. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மாறியபோது, பழைய நடைமுறைச் சட்டத்தில் வழக்கை ரத்து செய்யக் கோரும் 482-ஆம் பிரிவு புதியதில் 528 ஆகிவிட்டது. புதிய சட்டத்தின் 482 முன்ஜாமீன். எண்ணை மட்டும் போட்டுத் தேடும் ஜூனியர் இரண்டு விதத் தீர்ப்புகளையும் ஒரே குவியலாக அள்ளிக்கொண்டு வருகிறார். இரண்டு எண்களையும் இணைத்துக் காட்டுகிற தளம் கொடுக்கும் காசுக்கு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

சோதனைக்கு வருகிறேன். இலவசச் சோதனைக் காலம் கேளுங்கள், ஆனால் வேலை குறைவான வாரத்தில் வாங்கி வீணாக்காதீர்கள். விடை ஏற்கெனவே தெரிந்த கேள்விகளைக் கொடுங்கள். நீங்கள் முடித்த வழக்குகளில் ஐந்தை எடுத்து, அதில் நீங்கள் படாதபாடுபட்டுக் கண்டுபிடித்த தீர்ப்பு முதல் பத்து முடிவுகளுக்குள் வருகிறதா என்று பாருங்கள். பிறகு மாற்றப்பட்ட தீர்ப்பு ஒன்றைப் போடுங்கள். இங்கிலாந்துச் சட்டம் என்றால் ஆன்ஸ் எதிர் மெர்டன். 1977-ல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை கொடுத்தது, 1990-ல் மர்ஃபி எதிர் பிரென்ட்வுட் வழக்கில் அதே அவை அதைக் கைவிட்டது. அமெரிக்கா என்றால் 1984-ன் செவ்ரான், 2024-ல் லோப்பர் பிரைட் வழக்கில் போனது. இவை ஊரறிந்தவை, எல்லாத் தளமும் தேறிவிடும். இவற்றில் கூடத் தேறாத தளத்தை மறந்துவிடுங்கள். உண்மையான பரீட்சை உங்களைக் கவிழ்த்த அந்தத் தீர்ப்பு. அதை மூன்று தளங்களிலும் போட்டு, பக்கத்தின் தலையிலேயே எச்சரிக்கை வருகிறதா என்று பாருங்கள். முழுதாக மாற்றப்பட்டதற்கும் ஒரு கருத்தில் மட்டும் மாற்றப்பட்டதற்கும் வித்தியாசம் காட்டுகிறதா என்றும் பாருங்கள். எனக்கு ஒரு தளத்தில் சிவப்புக் குறி இருந்தது, ஆனால் மாறியது எந்தக் கருத்து என்று இல்லை. நான் நம்பியிருந்த கருத்து அப்படியே நின்றது. குறியைப் பார்த்துப் பயந்து அந்தத் தீர்ப்பையே கொடுக்காமல் விட்டேன். அது இன்றுவரை எனக்கு வருத்தம்.

கடைசியாக நம் பெயர்களைப் பற்றி. சுப்பிரமணியன் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதுகிறார்கள். கடைசியில் 'என்' எழுத்து வருகிறதா 'எம்' வருகிறதா, நடுவில் 'ஒய்' உண்டா இல்லையா என்று யாருக்கும் நிச்சயமில்லை. லட்சுமி, சண்முகம், கிருஷ்ணமூர்த்தி எல்லாம் இதே கதைதான். பெயரின் முதல் சில எழுத்தைப் போட்டு நட்சத்திரக் குறி இட்டால் மீதியைத் தானே நிரப்பித் தேடும் வசதி தளத்தில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இரண்டு சொற்கள் ஒரே வாக்கியத்திலோ ஒரே பத்தியிலோ வர வேண்டும் என்று கேட்கும் வசதியும் வேண்டும். "காசோலை", "பாதுகாப்புக்காகக் கொடுத்தது" இரண்டும் ஒரே பத்தியில் வந்தால்தான் உங்களுக்கு உபயோகம். நாற்பது பக்கத் தீர்ப்பின் இரண்டு மூலையில் கிடந்தால் இல்லை. இலவசத் தளத்திலும் இதுபோன்ற நுணுக்கம் உண்டு. இந்தியன் கானூனில் இரண்டு சொல்லும் வர வேண்டும் என்று கேட்கும் 'அண்ட்' என்பதைக் கடைசியில் இரண்டு டி போட்டுப் பெரிய எழுத்தில் (ANDD) எழுத வேண்டும். அது தெரியாமல் வருடக்கணக்காகத் தேடுகிற வக்கீல்களைப் பார்த்திருக்கிறேன்.

சட்டநூலகர் எழுதியது:

மேலே ஐயா சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். நான் வக்கீல் அல்ல, சட்ட நூலகத்தில் வேலை. சந்தா ஒப்பந்தங்களைப் படிப்பது என் வேலையில் ஒரு பகுதி.

தீர்ப்பு நிற்கிறதா என்று பார்க்கும் வேலைக்குக் காசு வாங்குவது இன்று நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் 1873-ல் தொடங்கினார். எந்தத் தீர்ப்பைப் பிறகு எந்த நீதிமன்றம் எடுத்தாண்டது என்று பசைத்தாளில் அச்சடித்து விற்றார். வக்கீல்கள் தங்கள் புத்தகத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். இன்று திரையில் வரும் சிவப்பு, மஞ்சள் குறிகள் அந்த ஒட்டுத்தாளின் வாரிசுகள்தான். ஆள் உட்கார்ந்து படித்துத் தீர்மானிக்கும் வேலை என்பதால்தான் அது இன்னும் இலவசமாகவில்லை.

மற்றதெல்லாம் பெரிய அளவில் இலவசமாகிவிட்டது. கார்னெல் பல்கலைக்கழகம் 1992-ல் தொடங்கிய சட்டத் தகவல் மையம், 1995-ல் ஆஸ்திரேலியாவின் ஆஸ்ட்லீ, பிறகு பிரிட்டனின் பெய்லீ, கனடாவின் கேன்லீ என்று அந்தக் குடும்பம் வளர்ந்தது. பிரிட்டனில் 2022 ஏப்ரல் முதல் தேசிய ஆவணக் காப்பகமே தீர்ப்புகளை வெளியிடுகிறது. அமெரிக்கத் தீர்ப்புகள் சுமார் 67 லட்சத்தை ஹார்வர்ட் சட்ட நூலகம் புத்தகங்களிலிருந்து வருடிப் பதிவேற்றி, 2024 மார்ச்சில் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் திறந்துவிட்டது.

வாசகர்கள் அடிக்கடி தவறுகிற இடம் ஒன்று: பெய்லீ, கேன்லீ இரண்டும் தங்கள் தீர்ப்புகளைப் பொதுத் தேடுபொறிகள் தங்கள் பட்டியலில் சேர்த்துக் காட்ட அனுமதிப்பதில்லை. கூகுளில் போட்டு வரவில்லை என்பதால் அப்படி ஒரு தீர்ப்பே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தத் தளத்துக்குள் போய்த்தான் தேட வேண்டும்.

ஒப்பந்தத்தில் நான் முதலில் பார்ப்பது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் விதி. எத்தனை நாள் முன்னால் எழுதிக் கொடுத்தால் நிறுத்தலாம் என்று பாருங்கள். முதல் வருட விலையைச் சொல்கிறவரிடம் இரண்டாம் வருட விலையை எழுத்தில் கேளுங்கள். உங்கள் வழக்குகளுக்குக் குடும்பம், சொத்து, காசோலை சம்பந்தப்பட்ட தீர்ப்புகள் போதும், வரிச் சட்டமும் கம்பெனிச் சட்டமும் சேர்ந்த தொகுப்பு தேவையில்லை. பகுதி பகுதியாகத் தருவார்களா என்று கேளுங்கள், தருவார்கள். சந்தா முடிந்தபின் இறக்கி வைத்த கோப்புகளை வைத்துக்கொள்ளலாமா என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கும். மூன்று நான்கு தனி வக்கீல்கள் சேர்ந்து பல பயனர் உரிமமாக முறைப்படி வாங்கினால் தலைக்கு நன்றாகக் குறையும். ஒருவர் கடவுச்சொல்லை எல்லோரும் பயன்படுத்துவது வேறு, அதைச் செய்யாதீர்கள், கணக்கு முடக்கப்படும்போது அது ஒரு வாய்தாவுக்கு முந்தைய இரவாக இருக்கும்.

வாங்கும் முன் உங்கள் வழக்கறிஞர் சங்கத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். அமெரிக்காவில் பல சங்கங்கள் உறுப்பினர் சந்தாவோடு சேர்த்தே தேடல் தளத்தைத் தருகின்றன. கேன்லீ நடப்பதே கனடா வக்கீல்களின் சங்கக் கட்டணத்தில்தான். சங்க நூலகத்துக் கணினியில் பெரிய தளம் ஏற்கெனவே இருந்து, யாரும் உட்காராமல் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம்ஆண்டுஜூனியர் எழுதியது:

ஐயா, இதையும் கேட்டுவிடுகிறேன். ஏஐ இருக்கும்போது இவ்வளவு தேவையா? கேள்வியைத் தமிழிலேயே கேட்டால் கூடத் தீர்ப்போடு பதில் வருகிறது. எங்கள் அலுவலகத்தில் பலர் அதைத்தான் செய்கிறார்கள்.

மேல்முறையீடு எழுதியது:

தம்பி, மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கின் உத்தரவை இன்றே படியுங்கள். 2023 ஜூனில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் கொடுத்தது, இலவசமாகவே கிடைக்கும். சாட்ஜிபிடி கற்பனையாக உண்டாக்கிக் கொடுத்த தீர்ப்புகளை வக்கீல்கள் தாக்கல் செய்தார்கள். எதிர்த்தரப்பால் அவற்றைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்போதும் தாக்கல் செய்தவர்கள் உடனே ஒப்புக்கொள்ளாமல் நின்றார்கள். 5,000 டாலர் அபராதம். அதோடு, தீர்ப்பு எழுதியதாகப் பொய்யாகக் காட்டப்பட்ட நீதிபதிகளுக்குக் கடிதம் எழுதவும் உத்தரவு.

"அது பொதுவான ஏஐ, சட்டத்துக்கென்றே செய்ததில் இது வராது" என்று விற்பனைப் பிரதிநிதி சொல்வார். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2024-ல் காசு கொடுத்து வாங்கும் பெரிய சட்ட ஏஐ கருவிகளைச் சோதித்தார்கள். அவையும் 17 முதல் 33 சதவீதம் வரை தவறான பதில் கொடுத்தன. தீர்ப்பு உண்மையாக இருக்கும், அது சொல்லாததைச் சொன்னதாகக் காட்டும். கற்பனைத் தீர்ப்பைவிட இதுதான் எனக்குப் பயம், ஏனென்றால் சைட்டேஷனை (தீர்ப்பின் பெயர், ஆண்டு, பக்க எண்) சரிபார்த்தால் சரியாகவே வரும். பத்தியைத் திறந்து படித்தால்தான் குட்டு வெளிப்படும்.

நான் ஏஐயை வைத்துக்கொள்கிறேன், மறைக்கவில்லை. எனக்குப் பழக்கமில்லாத துறையில் என்ன சொற்களைப் போட்டுத் தேட வேண்டும் என்று கேட்க அது நல்லது. வந்த சொற்களை எடுத்துக்கொண்டு நானே தேடுகிறேன். கட்சிக்காரர் பெயரையும் வழக்கு விவரத்தையும் அதில் போடுவதில்லை. நீங்களும் போடாதீர்கள். அவர் நம்மிடம் சொன்னது நம்மோடு இருக்க வேண்டியது.

தனிஅலுவலகம் எழுதியது:

ஐயா, நூலகர் அவர்களே, இருவருக்கும் மிகுந்த நன்றி. ஒரு மாதம் நோட்டுப் போட்டுவிட்டு வந்து எழுதுகிறேன், அதனால்தான் தாமதம்.

மொத்தம் 52 தேடல். அதில் 29 பிரிவின் வாசகத்துக்காக, காசே தேவையில்லை. 23 தீர்ப்புக்காக. கடைசியில் நீதிமன்றத்தில் கொடுத்தவை ஒன்பது. அந்த ஒன்பதும் நிற்கிறதா என்று கையால் பார்க்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆனது. நான் நினைத்ததைவிடக் குறைவுதான். இவ்வளவு நாளும் அந்த ஐந்து மணி நேரத்தைத்தான் நான் செலவழிக்காமல் இருந்திருக்கிறேன்.

என்னைக் கவிழ்த்த தீர்ப்பை மூன்று தளங்களிலும் போட்டேன். ஒன்றில் எந்தக் குறியும் இல்லை, அதுதான் மூன்றிலும் விலை அதிகம். இன்னொன்றில் குறி இருந்தது, விவரம் இல்லை. மூன்றாவதில் எந்தப் பத்தி மாற்றப்பட்டது, எது நிற்கிறது என்று பிரித்தே போட்டிருந்தார்கள். படித்துப் பார்த்தால், என் வழக்குக்கு வேண்டிய ஒரு கருத்து இன்னும் நிற்கிறது! அதைக் குறிப்பெடுத்து வைத்திருக்கிறேன்.

நானும் என்னைப் போலத் தனியாக இருக்கும் இரண்டு பேரும் சேர்ந்து அந்த மூன்றாவதில் குடிமையியல், குடும்பப் பகுதிகளை மட்டும் மூன்று பயனர் உரிமமாக எடுக்கிறோம். இரண்டாம் வருட விலையைக் கேட்டதும் பிரதிநிதி கொஞ்சம் தயங்கினார், பிறகு மின்னஞ்சலில் எழுதிக் கொடுத்தார். தொழிலாளர் வழக்கு வந்தால் சங்க நூலகத்துக்குப் போவேன். அங்கே போய் விசாரித்தேன், நூலகர் சொன்னது போலவே ஒரு கணினி இருக்கிறது.

வருகிற வியாழன் அதே இறுதி வாதம். பெரிய பெஞ்ச் தீர்ப்பின் நகலை இந்த முறை நானே கொடுக்கிறேன், நிற்கிற பத்தியில் அடிக்கோடு போட்டு.